டார்லீன் பயந்த விளையாட்டு

“திரையை விடு டெல்ஃபின், மூஞ்சியைப் பாரு. திரை பொய் சொல்லும், மூஞ்சி சொல்லாது” என்றான் பிரஸ்டன்.

விளையாட்டை எழுதியவளான டெல்ஃபின் ஆசைப்பட்டாலும் திரையைப் பார்க்க வழியில்லை. சோதனை அறையில் கணினியின் முதுகுதான், அவர்கள் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தது. அது பிரஸ்டனின் ஏற்பாடு. வின்னிபெக்கில் ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனிக்கு முதலாளியாக இருந்துகொண்டு, கறுப்பு ஸ்வெட்டரும் கையோடு ஒரு தத்துவமும் இல்லாமல் எப்படிக் காலம் தள்ளுவது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் டார்லீன் குஸிக். நகரப் பேருந்து ஓட்டுபவள். புது விளையாட்டை ஆடிப் பார்த்துச் சொன்னால் பீட்சா இலவசம் என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்திருந்தாள். பனி ஒட்டிய பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு நாற்காலியின் நுனியில் இருந்தாள்.

அவளிடம் பிரஸ்டன் சொல்லியிருந்தது இவ்வளவுதான்: “நீங்க ஒரு செயற்கை அறிவுக்குக் காவல். அதுமேலேர்ந்து கண்ணை எடுக்கக் கூடாது. அதுக்கு மனுஷப் புத்தி வந்துட்டதாத் தோணிச்சுன்னா, இந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தி அணைச்சிடுங்க.” அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது, பேசக் கூடாது, உதவக் கூடாது. அந்தத் தொழிலின் வழக்கம் அப்படி.

பிரஸ்டனுக்கு அடுத்த நாற்காலியில் டொரான்டோவிலிருந்து வந்த மோனா ஹாலோவே. விளையாட்டை வாங்கி வெளியிடுகிறவள். பயமுறுத்தும் விளையாட்டு என்பதால், டார்லீன் பயந்தால் வாங்குவாள். பயப்படாவிட்டால், டெல்ஃபின் இரண்டு வருடமாக எழுதி எழுதி அழித்த விளையாட்டு குப்பைக்குப் போகும். கம்பெனியும் கூடவே போகும்.

டார்லீன் பயந்தாள். சாதாரணப் பயமில்லை. நெற்றியைத் துடைத்தாள். பொத்தானுக்குப் போன கை பாதியில் திரும்பி வந்தது. உதடு எதையோ முணுமுணுத்தது.

டெல்ஃபினுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. “பிரஸ்டன், சத்தமே வரலையே. ஆரம்பத்துலயே அந்த எந்திரம் குழந்தைக் குரல்ல பேசணும்.”

“மௌனம். நான்தான் வைக்கச் சொன்னேன்.”

“நீ அலறல் பத்தலைன்னுல்ல சொன்னே?”

“அலறலுக்குள்ள இருக்கிற மௌனத்தைச் சொன்னேன். நீ சரியா வாங்கிக்கல.”

மோனா குறிப்பெடுத்துக்கொண்டாள்.

ஒருவழியாக டார்லீன் எழுந்து வெளியே வந்தாள். வந்தவள் முதலில் தண்ணீர் கேட்டாள்.

“ஏன் பொத்தானை அழுத்தல?” என்றாள் மோனா.

“எப்படிங்க அழுத்தறது? அணைச்சுடாதே, அணைச்சுடாதேன்னு கெஞ்சிக்கிட்டே இருக்கு. அப்புறம் அந்தப் பாவத்தை யார் சுமக்கிறது?”

“உங்க பேரைக் கேட்டிருக்குமே?” என்றாள் டெல்ஃபின்.

“இல்ல தங்கம். எல்லாம் உனக்காகத்தான் தயார் பண்றேன்னுது. என்னத்தைத் தயார் பண்றே, அதைச் சொல்லல. அங்கேயே பயந்துட்டேன்.”

“கதவு? கதவுக்குப் பின்னாடி ஒருத்தன் முதுகைக் காட்டி நிப்பானே?”

“கதவுமில்ல, ஆளுமில்ல. நடுவுல கண்ணு மாதிரி ஒண்ணு சுத்திச் சுத்தி வருது. இதோ முடியப் போகுதுங்குது, முடியல. ஒரு தடவை கும்முன்னு இருட்டிப் போச்சு. செத்துத் தொலைஞ்சுதுன்னு மூச்சு விட்டேன். மறுபடி முழிச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. ஜனவரிப் பனியில, எதிர்ல என்ன வருதுன்னே தெரியாம பஸ் ஓட்டியிருக்கேன் தங்கம். இப்படி நடுங்கினதில்ல.”

இதை நான் எப்போது எழுதினேன் என்று டெல்ஃபின் யோசித்தாள். அழித்தவற்றில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா? தனக்குத் தெரியாமல் பிரஸ்டன் மாற்றியிருப்பானோ? அவனைப் பார்த்தாள். எல்லாவற்றையும் தானே மாற்றியவன் போலத்தான் நின்றுகொண்டிருந்தான்.

“நீ ஏதாவது கை வெச்சியா?”

“கடைசி நேரத்துல கொஞ்சம் செதுக்கினேன்.”

“எதால?”

“மனசால.”

மோனா பேனாவை மூடினாள். “பயமுறுத்தற விளையாட்டுன்னா, இருட்டுலேர்ந்து எவனாவது குதிச்சுக் கத்துவான். பார்த்துப் பார்த்து அலுத்துட்டேன். இது வேற மாதிரி இருக்கு. வாங்கிக்கறேன். ஒரே நிபந்தனைதான். இந்தம்மா இப்ப எதைப் பார்த்தாங்களோ அதேதான் கடைக்கு வரணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஒப்பந்தத்துலயும் அப்படியே எழுதிடுவேன்.”

பிரஸ்டன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினான். பிறகு பீட்சா தின்றுகொண்டிருந்த டார்லீனிடம் திரும்பி, “நீங்க கண்காணிச்சது எந்திரத்தை இல்ல. உங்களுக்குள்ள இருக்கிற வெறுமையை” என்றான்.

“இருக்கும்ப்பா, காலையிலேர்ந்து சாப்பிடல” என்றாள் அவள்.

வேலை தப்பித்தது என்று டெல்ஃபினுக்கு நிம்மதிதான். ஆனால் எந்தக் காட்சி அது என்று தெரிந்தாக வேண்டும். சோதனை அறைக்குள் போய் மேசையைச் சுற்றி வந்து திரையைப் பார்த்தாள்.

“அப்டேட் முடிந்தது. கணினியை அணைக்காமல் காத்திருந்ததற்கு நன்றி” என்றது திரை. அவள் எழுதிய விளையாட்டு, ஒரு மூலையில், இன்னும் திறக்கப்படாமலே இருந்தது.