சாப்பாட்டுக் கண்ணீர்

“ஏன் அண்ணா அழறே?”

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆனந்தவல்லி கேட்டாள்.

சுவாமிநாதன் வத்தக்குழம்புச் சாதத்தை மென்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

“அழலைடி. நரம்புக் கோளாறு.”

“சாப்பிடறச்சே மட்டும் வர்ற நரம்புக் கோளாறா?”

சுவாமிநாதனின் மகன் ஹரீஷ் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வருஷம் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுப் போன வாரம்தான் சாங்வி வீட்டுக்குத் திரும்பியிருந்தான். வந்த நாளாக அவனுக்கும் இதே சந்தேகம். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

“போன வருஷம் அப்பாவுக்கு முகம் கோணிண்டதில்லையா அத்தை,” என்றாள் அவன் மனைவி சுப்ரஜா. “பட்டுப்போன நரம்பு திரும்ப வளர்ந்து தசையோட ஒட்டிண்டிருக்கு. வாய் நேராயிடுத்து. கண்ணுலதான் இப்படி ஆயிடுத்து. டாக்டரே சொன்னா.”

உண்மைக்கு ஒரு கெட்ட பழக்கம். அவசரத்துக்குச் சொன்னால் பொய் மாதிரியே இருக்கும்.

“வாயால சொல்ல முடியாதவன் கண்ணால சொல்றான். எனக்கா புரியாது?” ஆனந்தவல்லி எழுந்துவிட்டாள். “கிளம்பு அண்ணா, மகர்பட்டாவுக்கு, என் ஆத்துக்கு. என் கையால நாலு நாள் சாப்பிடு.”

சுவாமிநாதன் பிள்ளையைப் பார்த்தார்.

“போயிட்டுத்தான் வாயேன்ப்பா,” என்றான் ஹரீஷ், மனைவியைப் பார்க்காமல்.

சுப்ரஜா மாமனாரின் மாத்திரைகளை எடுத்துவைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் அத்தையின் போன். “இன்னிக்கும் ஒரு சொட்டு கிடையாதுடா ஹரீஷ்! நிம்மதியாச் சாப்பிடறான்.” செய்தி மாதுங்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரை போயிற்று. வீட்டில் ஹரீஷ் மனைவியிடம் பால், பேப்பர் தவிர வேறு பேசுவதில்லை.

பதினாறாம் நாள் அப்பாவை அவனே டாக்டர் காளேயிடம் அழைத்துப்போனான். அந்த அம்மாள் சுவாமிநாதனைச் சிரிக்கச் சொன்னாள், விசிலடிக்கச் சொன்னாள். திருப்தி.

“சாப்பிடும்போது வந்த கண்ணீரும் நின்றுவிட்டது டாக்டர். வேறு வீட்டில் இருந்தார். பதினைந்து நாளாக ஒரு சொட்டு இல்லை,” என்றான் ஹரீஷ், அழுத்தமாக.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள்.

“அது தானாக நிற்காதே! நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். வளரும்போது சில இழைகள் வழி தவறிப்போகும். எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டியவை இவருக்குக் கண்ணீர்ச் சுரப்பியில் போய் ஒட்டிக்கொண்டன. ருசியாக எதையாவது வாயில் வைத்தால் நமக்கு எச்சில் ஊறும், இவருக்குக் கண்ணும் சேர்ந்து ஊறும். ஏன், இத்தனை நாளும் பட்டினியா?”

“சேச்சே! வேளை தவறாமல் சாப்பிட்டேன்,” என்றார் சுவாமிநாதன் அவசரமாக. பிறகு கூரையைப் பார்த்தபடி, “என் தங்கைக்கு ரொம்ப நல்ல மனசு, டாக்டர்.”

வீட்டுக்கு வந்ததும் ஹரீஷ் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தான்.

“யாருக்கு?” என்றாள் சுப்ரஜா.

“அத்தைக்கு. மாதுங்கா வரைக்கும் உன் பேரை நாறடிச்சாளே, அப்பா கண்ணு ஊறாததுக்குக் காரணம் அவ சமையல்தான்னு சொல்ல வேண்டாமா? சுப்ரஜா, நான்கூட உன்னை...”

“தெரியும். அதை அப்புறம் பேசிக்கலாம்.” அவள் விரலால் போனை அமுக்கித் துண்டித்தாள். “அத்தைகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். பாவம், பதினஞ்சு நாள் அடுப்படியில நின்னு அண்ணாவுக்கு ஆசை ஆசையாச் சமைச்சுப் போட்டிருக்கா. நான் கொடுமைக்காரியாவே இருந்துட்டுப் போறேன்.”