ஆமை வரும் காட்சி

“ராஜா வர்ற சீன் ஒண்ணைக்கூட நான் வெட்டலம்மா. சண்டை இருக்குது, அரண்மனை இருக்குது, பாட்டு எல்லாம் இருக்குது. வேற இன்னா வேணும் உங்களுக்கு?”

கையில் ஒட்டியிருந்த கார்பன் கரியைத் துணியில் துடைத்தபடியே கேட்டார் கிருஷ்ணராஜ். ஆம்பூரில் அந்தத் தியேட்டர் திறந்த நாளிலிருந்து அவர்தான் ஆபரேட்டர். மிஷின் ரூமுக்குப் போகும் மாடிப்படியின் கீழே கறுப்புப் பர்தாவில், முகத்திரையை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றாள் முனவ்வர் பேகம்.

“ராஜா வேணாம்ணா. ஆமை வர்ற சீன் வேணும்.”

கிருஷ்ணராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடலுக்கடியில் ஒரு ராஜ்யம், மூச்சு விடாமல் தண்ணீருக்குள் பறந்து பறந்து சண்டை போடும் ஒரு ராஜா. மெட்ராஸில் குளம் மாதிரி கண்ணாடித் தொட்டி கட்டி, கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த படம். தோல் பதனிடுகிற ஷாப்பு ஜனமெல்லாம் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்து பார்த்தது. ஆனால் நீளம் ஜாஸ்தி. இரண்டாம் ஆட்டம் விட்டால் கிராமத்துக்காரர்களுக்கு பஸ் கிடையாது. அதனால் முதல் வாரம் போனதும், எந்த ஆபரேட்டரும் செய்கிற காரியத்தைத்தான் கிருஷ்ணராஜும் செய்தார். ஜனங்கள் கொட்டாவி விடுகிற இடமாகப் பார்த்து வெட்டி, அந்தத் துண்டுகளைச் சுருட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். படப் பெட்டி அடுத்த ஊருக்குப் போகும்போது மறுபடி ஒட்டி அனுப்பிவிட்டால் கேட்பாரில்லை.

“அந்த ஆமையில இன்னாம்மா இருக்குது? ராஜாவை முதுகுல ஏத்திக்கினு வருது, எறக்கி வுடுது, போய்டுது. ‘இந்த ஆமைக்கு நீச்சல் வராதுடா’ன்னு பசங்க விசில் அடிச்சானுங்க. முதலாளி தூக்குன்னாரு, தூக்கிட்டேன்.”

முனவ்வர் ஒரு படி மேலே ஏறினாள்.

“அந்த ஆமைக்குள்ள இருக்கறது எங்க வூட்டுக்காரருண்ணா.”

கிருஷ்ணராஜின் சிரிப்பு அடங்கிப்போயிற்று. “அடடே, நம்ம ஊரு பாயா? தெரியாம பேசிட்டேம்மா.”

“ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டி வேலை அவருக்கு. கெணத்துல குதிச்சா அந்தப் பக்கம்தான் எழுந்திரிப்பாரு. ஆமை ஓட்டுக்குத் தோல் எடுக்க சினிமாக் கம்பெனிக்காரங்க வந்தப்ப, இவரே தைச்சுக் குடுத்தாரு. தைச்ச ஆளே உள்ள பூந்து நீந்தட்டும்னு மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போனாங்க. ரம்ஜானுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.”

“ரம்ஜான் போய் எத்தினி நாளாச்சு. சினிமா சகவாசம் அப்படித்தாம்மா, ஒட்டிக்கினா லேசுல வுடாது. ஆமாம், மொத வாரமே வந்திருக்கலாமே? முழுசா ஓடிச்சே அப்போ.”

“அப்போ நான் வூட்டை வுட்டு வெளிய வரக்கூடாதுண்ணா.”

பிள்ளை பெற்ற உடம்பு போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“வர முடிஞ்ச அன்னிக்கே வந்துட்டேன்,” என்றாள் முனவ்வர். “அதுக்கப்புறமும் வந்தேன். ராஜா திடீர்னு அரண்மனை வாசல்ல நிக்கிறாரு. எதுல வந்தாருன்னே காட்டல. நாளைக்குப் படம் குடியாத்தம் போவுதாமே. அங்கெல்லாம் எங்க வூட்ல என்னை அனுப்ப மாட்டாங்க.”

“உள்ள ஆள் இருக்கறதே தெரியாதேம்மா. ஒரு நகம்கூட வெளிய தெரியாது. எதைப் பார்ப்பீங்க?”

“அவரு நீந்தற தினுசு எனக்குத் தெரியும்ணா.”

கிருஷ்ணராஜ் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். முதலாளி இன்னும் வரவில்லை. பகல் ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுக்கவும் நேரம் இருந்தது.

“மேல வாங்க. கதவு திறந்தே இருக்கட்டும். இந்தப் பக்கத்து ஓட்டை வழியா பாருங்க.”

டப்பாவைக் கிளறி அந்தத் துண்டைத் தேடி எடுத்தார். மிஷினில் மாட்டி, வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சியைப் பற்றவைத்தார். ஆளில்லாத கொட்டகையில் திரை முழுக்க நீலத் தண்ணீர் அசைந்தது.

கட்டில் அளவுக்கு ஓர் ஆமை வந்தது. அதன் முதுகில் வேலும் கையுமாக ராஜா.

“அதோ,” என்றாள் முனவ்வர். “வலது கையை நீட்டிப் போட்டுட்டு, இடது கை மட்டும் சோம்பலா வர்றது தெரியுதா? அவருதான். நடக்கும்போதும் அப்படித்தான், ஒரு தோளு பின்னாலயே வரும். எத்தினியோ தடவை கேலி பண்ணியிருக்கேன்.”

அவள் சிரித்தாள். விரல்கள் அந்தச் சதுர ஓட்டையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓடாதா இந்த மிஷின் என்று கிருஷ்ணராஜுக்கே தோன்றியது.

ராஜா இறங்கிக்கொண்டான். ஆமை திரும்பியது. நாலு காலையும் உதைத்துக்கொண்டு, தலையை ஒருமுறை மேலே தூக்கியது. பிறகு மெல்லச் சாய்ந்து நீலத்துக்குள் இறங்கியது. துண்டு முடிந்து திரை வெளுத்தது.

முனவ்வர் ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் இதை ஒழுங்காப் பார்க்கவே இல்லம்மா,” என்றார் கிருஷ்ணராஜ். “கடைசியில காலை ஒதைச்சுக்கினு மேல ஒரு பார்வை பார்க்குறாரே, மனசை இன்னாவோ பண்ணுது. பகல் ஆட்டத்துக்கே ஒட்டிடறேன், முதலாளி திட்டினா திட்டட்டும். பாய் வந்தார்னா சொல்லுங்க, அந்த ராஜாவைவிட இவருதான் நல்லா நடிச்சிருக்காருன்னு.”

முனவ்வர் முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“நடிச்சதெல்லாம் ராஜா எறங்கற வரைக்கும்தாண்ணா. அதுக்கப்புறம் ஓடு ஊறிக் கனத்துப்போய், அவரு மேல வரவே இல்ல.”