றலியாவின் பங்கு

“இன்னொரு அடி வெச்சா இதக் கெணத்துல போட்டுடுவன், நானா.”

பளீல் தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தான்.

கிணற்றுக் கட்டில் எஞ்சினிலிருந்து கழற்றிய மெக்னட்டோ இருந்தது. அதன்மேல் தங்கை றலியாவின் கை இருந்தது. லேசாகத் தள்ளினால் போதும்.

வேலிப் பக்கம் இளையவன் நஸீம் நின்றான். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒன்பது மாதம் ஆகிறது. இன்று ஒரே சாமானைக் கேட்டு ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். அந்த எரிச்சல் வேறு.

வாப்பா முஹம்மது மௌத்தானபோது விட்டுப்போனது ஒரு மோட்டார் சைக்கிள். பன்விலவில் ஒரு தோட்டத்துத் துரை கழித்துப்போட்ட பழசு. பால் டின்னை வெட்டிப் புகைக்குழாய்க்கு ஒட்டுப் போட்டு, எருமைத் தோலில் பெல்ட் அறுத்து, தேயிலைப் பெட்டியைப் பக்கத்தில் பூட்டி, அதில் பன்வில வரை பேக்கரிப் பாண் ஏற்றிப் பிழைத்தார் மனிதர்.

விற்றுப் பங்கு போடுங்கள் என்றார் பள்ளிவாசல் லெப்பை. விற்றால் மற்றவன் வாங்கிவிடுவான் என்று இருவருக்கும் பயம். தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத் தடை செய்கிற பிறவிகள். முற்றத்தில் சாக்கை விரித்து வண்டியைக் கழற்றினார்கள்.

எஞ்சின் பளீலுக்கு. சட்டமும் சக்கரமும் நஸீமுக்கு. உம்மாவின் எட்டில் ஒரு பங்குக்குத் தேயிலைப் பெட்டி. அதில் இப்போது கோழி அடைகாக்கிறது.

ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் றலியாவுக்குக் கிடைத்தது மெக்னட்டோ. ஒரு கையால் தூக்கக்கூடிய கறுப்புச் சாமான். சுழன்றால் பொறி தட்டும். அந்தப் பொறி இல்லாத எஞ்சின் அம்மிக்கல்தான்.

வீடு மட்டும் பங்கில் வரவில்லை. அதை வாப்பா முன்னமே ஆண்மக்கள் இருவர் பெயரிலும் உறுதிப் பத்திரம் எழுதிவிட்டார். இருவரும் குடியிருப்பது பெண்டாட்டி வீட்டில். ஆனாலும், பெருநாள் கழிந்ததும் நடுவே சுவர் வைத்து வாடகைக்கு விடப்போகிறார்கள். உம்மாவும் றலியாவும் தெல்தோட்டையில் மாமா வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டுமாம். இதை ஒருவன் காலையிலும் மற்றவன் மாலையிலும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். உம்மாவுக்கு அன்றைக்கு வந்த நெஞ்சுவலி இன்னும் போகவில்லை.

பளீல் துவிச்சக்கர வண்டிக்குத் தண்ணீர்க் குழாயால் முட்டுக் கொடுத்து, அதில் எஞ்சினைப் பூட்டியிருந்தான். நஸீம் தன் சட்டத்தில் ஏதோ ஒரு தோட்டத்துப் பழைய பம்பு எஞ்சினைக் கம்பியால் கட்டியிருந்தான். டோர்ச் பெட்டரிகளை வரிசையாகக் கட்டி இருவரும் பொறி எடுத்துப் பார்த்தார்கள். முதல் வளைவிலேயே இரண்டும் உயிரை விட்டன.

நாளை விடியப் பாண் ஏற்ற மோட்டார் சைக்கிள் வராவிட்டால், பன்விலப் பாதையை லொறிக்காரனுக்குக் கொடுத்துவிடுவதாகப் பேக்கரியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டான்.

“ஒனக்கு என்னத்துக்கு அது? மொளகாய் அரைக்கவா?” என்றான் பளீல்.

“ராத்தா, நானாக்குக் குடுத்தீங்களோ, நான் இந்த வாசல்ல கால் வெக்க மாட்டன்,” என்றான் நஸீம்.

“வெச்சதால எங்களுக்கு என்ன கெடச்சிச்சு?” என்றாள் றலியா.

அவளுக்கு இருவரையும் பிடிக்கவில்லை. சிறு வயதிலிருந்தே பிடிக்கவில்லை. இன்றைக்கு அதை மறைக்க அவள் சிரமப்படவும் இல்லை.

“ரெண்டு பேரும் இப்பவே நொத்தாரிஸ் அம்பிகைபாகன்கிட்ட போங்க. வீட்ட உம்மாட பேருக்கு எழுதிட்டு வாங்க. பொறகு எஞ்சினையும் சட்டத்தையும் இங்க கொண்டு வந்து ஒண்ணாப் பூட்டுங்க. ஒரு நாளைக்கு நானா, ஒரு நாளைக்கு தம்பி. அந்தியானா இதக் கழட்டி என்ட கையில தரணும்.”

“பொம்புள எங்களுக்குச் சட்டம் சொல்றியா?” பளீலின் கழுத்து நரம்பு புடைத்தது.

றலியா மெக்னட்டோவை ஒரு விரல் அளவு தள்ளினாள். கட்டிலிருந்த காரை உதிர்ந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

போட்டுத் தொலை என்று ஒருவன் சொல்லியிருந்தால் கதை முடிந்தது. அவள் கையில் வேறொன்றும் இல்லை. கிணற்றுக் கட்டோடு சாய்ந்து நின்றாள்.

நஸீம்தான் முதலில் திரும்பினான். அவன் முந்திவிடுவானோ என்று பளீலும் நடந்தான். தெருவின் இரண்டு ஓரமாக, ஒருவரையொருவர் பாராமல், நொத்தாரிஸ் இருக்கும் டவுன் பக்கமாகப் போனார்கள்.

நல்ல பங்கையெல்லாம் ஆண்கள் எடுத்துக்கொண்டு பாவம் அந்தப் பெண்ணை ஏய்த்துவிட்டார்கள் என்று மஹய்யாவை ஊரில் இன்றும் சொல்வார்கள்.

வாப்பா இருந்தபோது, மழைக்காலத்தில் மெக்னட்டோவைக் கழற்றி அடுப்படிக்குக் கொண்டுவருவார். அவருக்குக் கிட்டப் பார்வை மங்கிய பிறகு அதை உலர்த்தி, கரி பிடித்த முனைகளைத் தேய்த்துப் பொறி வரவைத்தது றலியா. ஆறு வருடம் அவள்தான் செய்தாள். ஆண்மக்களுக்கு அது தெரியாது. அடுப்படிக்குள் அவர்கள் எட்டிப்பார்த்தால்தானே.

பங்கு போட்ட அன்று, பெண்பிள்ளையை முதலில் கேட்போம் என்று லெப்பை திரைக்கு வெளியிலிருந்து கேட்டார். எஞ்சினைக் கேட்டுவிடுவாளோ என்று பளீலுக்கு மூச்சே நின்றுவிட்டது.

அந்தச் சின்னக் கறுப்புச் சாமான் போதும் என்றாள் றலியா.

பளீலே அதைத் துணியால் துடைத்துத் திரைக்குள் நீட்டினான். நல்ல பிள்ளை என்றும் சொன்னான்.