சொன்னபடி கேட்காத இடது கதவு

வண்டியின் வலது கதவில் லாக் குமிழை அழுத்தினாள். இடது கதவின் குமிழும் கூடவே இறங்கியது.

அவள் மூச்சை விடுவதற்குள் டக்கென்று மேலே வந்தது.

மறுபடி அழுத்தினாள். இறங்கியது. வந்தது.

மரியாதை தெரியாத கதவு.

பிக்கப் வண்டியின் பின்னால் அண்ணன் கத்தரிக்காய் டிரேக்களை ஏற்றிக்கொண்டிருந்தார். பாதி ஏற்றியாகிவிட்டது. முழுக்க ஏற்றிக் கயிறு போடுவதற்குள் இந்தக் கதவு ஒழுங்காகப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் சாவி பாண்டீஸ்வரன் கைக்குப் போய்விடும்.

பாண்டீஸ்வரன் அண்ணியின் தம்பி. வெகு நாளாக வேலை தேடுகிறான். வேலைதான் அவன் கண்ணில் படுவதில்லை. இப்போது குளித்து, பவுடர் போட்டு, வேப்பமர நிழலில் நின்று, அவள் திருப்புளி பிடிக்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் ஒட்டன்சத்திரம் சந்தையில் காய் போட்டுவிட்டுத் திரும்பும்போது ரயில்வே கேட்டில் நின்றாள். இடது கதவைத் திறந்துகொண்டு ஒரு குடிகாரன் ஏறி உட்கார்ந்தான். பழனிக்கு ஒரு டிக்கெட் என்றான். கேட் கீப்பர் ஓடிவந்து இழுத்து இறக்கும்வரை அவள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் தப்பு.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

"பூட்டாத வண்டியில நீ ஒத்தையில இருட்டுக்குள்ள வர வேணாம்மா. சரியாகுற வரைக்கும் பாண்டீசு ஓட்டட்டும்."

சரியாகுற வரைக்கும்! அவளுக்குத் தெரியாதா? ஒரு நாள் அவன் ஓட்டினால் அப்புறம் அது அவன் ஓட்டுகிற வண்டிதான். பழைய வண்டி. ஆனால் அவள் வாங்கியது. அதில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஊர் அவளிடம் கல்யாணம் எப்போது என்று கேட்பதை விட்டுவிட்டு, காய் என்ன விலைக்குப் போச்சு என்று கேட்கிறது.

பியூஸைப் பார்த்தாள். நன்றாக இருந்தது.

கதவுக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பரை உருவிப் பார்த்தாள். எதுவும் அறுந்திருக்கவில்லை.

இடது கதவுக்குப் புதுப் பூட்டு மோட்டாரும் போட்டாயிற்று. போட்டுவிட்டுப் போன எலக்ட்ரீஷியன் இப்போது போனை எடுப்பதில்லை.

தரையில் டிரேக்கள் குறைந்துகொண்டே வந்தன.

அழுகை முட்டியது. பாண்டீஸ்வரன் பார்க்கிறானே என்று அடக்கிக்கொண்டாள்.

இடது கதவைத் திட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். அது தானாக எதையும் செய்வதில்லை. வலது கதவு இறங்கச் சொன்னால் இறங்கும். ஏறச் சொன்னால் ஏறும்.

அப்படியானால் ஏறச் சொல்வது யார்?

வலது கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினாள். குமிழை அழுத்திக்கொண்டே உள்ளே பார்த்தாள். குமிழோடு சேர்ந்த கம்பி இறங்கியது. ஆனால் அடிவரை போகவில்லை. ஒரு நெல்மணி அளவு மிச்சம் வைத்து நின்று, மெல்லப் பின்வாங்கியது.

அது பின்வாங்கியதும் இடது கதவு டக்கென்றது.

கம்பியோடு விரலை ஓட்டிக்கொண்டு போனாள். சாவித் துளையின் பின்பக்கம் மஞ்சளாக ஏதோ கெட்டியாக அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

சந்தனம்.

ஆயுத பூசைக்கு அவளேதான் வைத்தாள். சொந்த வண்டிக்கு முதல் பூசை. டயர், ஸ்டீயரிங், கண்ணாடி, விளக்கு, எதையும் விடவில்லை. ஆசை தாங்காமல் சாவித் துளையில் கொஞ்சம் அதிகமாகவே அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள். நீர்க்கக் குழைத்த சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து கல்லாகிவிட்டது. கோளாறு தொடங்கியதும் அந்த வாரம்தான்.

பூசைச் சந்தனத்தைத் தோண்டலாமா? கை ஒரு கணம் நின்றது.

கத்தரிக்காய் வாடுவது சாமிக்கும் தெரியும் என்று சொல்லிக்கொண்டு தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள்.

கேட்டதும் அண்ணி செம்பில் வெந்நீர் கொண்டுவந்தார். தம்பிக்கு வந்த வேலை போகிறதே என்று நினைத்தாரோ என்னவோ, கை மட்டும் கோணாமல் நிதானமாக ஊற்றிக் கொடுத்தார். மஞ்சள் தண்ணீர் கதவின் அடியில் ஒழுகியது. கம்பி கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டாள்.

பின்னால் கடைசி டிரே ஏறியது. கயிறு இறுகும் சத்தம்.

அட்டையை மாட்டி, உள்ளே ஏறி, கதவைச் சாத்திக் குமிழை அழுத்தினாள்.

இடது குமிழ் இறங்கியது.

காத்திருந்தாள்.

இறங்கியே இருந்தது.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வலது கதவின் கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. சுற்றிப் போய் இடது கதவை இழுத்தார். காலை ஊன்றி இன்னொரு முறை இழுத்தார். வண்டிதான் ஆடியது.

அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் போயிருந்தது. பயம் அப்படியே இருந்தது. கதவைப் பூட்டினால் போகிற பயமில்லை அது. அவளுக்கும் இருந்தது.

அவர் வண்டியின் பின்பக்கம் போனார்.

பாண்டீஸ்வரன் நிழலை விட்டு வெளியே வந்தான்.

அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமிப் பிடித்தது. பக்கக் கண்ணாடியில் அண்ணன் தெரியவில்லை. கயிற்றை அவிழ்க்கிறாரோ? இறங்கச் சொல்லப் போகிறாரோ? முதல் கியரைப் போட்டாள்.

பின் தகரத்தில் அண்ணனின் உள்ளங்கை இரண்டு முறை விழுந்தது. லாரி கிளீனர்கள் தட்டுவது போல, பலமாக.

"ரைட்! போலாம், போலாம்!"