இளவரசர் கடித்த கேக்

திங்கட்கிழமை காலை அருங்காட்சியகப் பொறுப்பாளர் லோரல், கேக் வைத்திருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியின் வாயு அளவுமானியைப் பார்த்தாள். பன்னிரண்டைச் சற்றுத் தாண்டி நிற்க வேண்டிய முள், முப்பதில் நின்றது.

உடனே போலீஸ் சார்ஜென்ட் பாஸ்கோவுக்குப் போன் செய்தாள். "கேக்கைத் திருடிட்டாங்க!"

அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு ஓடி வந்தார். பின்னே? நூறு வருஷத்துக்கு முன்னால் ரயிலில் வந்த ஓர் இளவரசர் ஒரே ஒரு கடி கடித்து, முகம் சுளித்து, தட்டிலேயே வைத்துவிட்டுப் போன பழக் கேக் அது. வில்பாரா ஊரில் சுற்றுலாப் பேருந்து நிற்பதற்கு வேறு காரணமே கிடையாது.

பாஸ்கோ எட்டிப் பார்த்தார். பெட்டிக்குள் கேக் இருந்தது. கேக்கில் கடியும் இருந்தது.

"இருக்கே லோரல்! காலங்காத்தால விளையாடுறியா?"

"இது போலி சார்ஜென்ட்! கேக் கெடாம இருக்க மார்ச்சுல இந்தப் பெட்டியில நைட்ரஜன் அடைச்சேன், முப்பது வரைக்கும். அது பிளாஸ்டிக் சுவர் வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளியே போகும். எவ்வளவு போகும்னு ஒம்பது வருஷமா தினம் குறிச்சு, கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை. இன்னிக்குப் பன்னிரண்டு புள்ளி நாலு இருக்கணும். எவனோ திறந்து மூடியிருக்கான். மாட்டிக்கக் கூடாதுன்னு மறுபடி வாயு அடைச்சிருக்கான். சீட்டுல 'முப்பது'ன்னு எழுதி ஒட்டியிருக்கில்ல? அப்படியே முப்பதுக்கு அடைச்சுட்டான், மக்கு!"

"திருட்டுப் போன இடத்துல சரக்கு கூடியிருக்குன்னு இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றார் பாஸ்கோ.

பெட்டிச் சாவி இரண்டே பேரிடம். ஒன்று லோரலிடம். மற்றது காவலாளி மெர்விடம்.

கேக்கில் ஒரு துணுக்கை அடிலெய்டு நகர ஆய்வுக்கூடத்துக்குச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, வியாழக்கிழமை மெர்வைப் பெட்டி முன்னாலேயே உட்கார வைத்தார் பாஸ்கோ. அவன் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"திறந்தது நான்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

"எவ்வளவுக்கு வித்தே?"

"எங்க விக்கிறது? அமெரிக்கா வரைக்கும் கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தனும் சீண்டல."

"அசல் கேக் எங்க மெர்வ்?" லோரல் அழுதேவிட்டாள்.

"இந்தா, பெட்டிக்குள்ளதான் இருக்கு."

"புளுகாதே!"

அப்போது பாஸ்கோவின் போன் அடித்தது. அடிலெய்டிலிருந்து. கேட்கக் கேட்க அவர் முகம் கோணியது.

"நூறு வருஷப் பழசாம் லோரல். சந்தேகமே இல்லையாம். அசலேதான்!"

"என் கணக்கு தப்பாது" என்றாள் அவள் பிடிவாதமாக. "பெட்டியைத் திறந்திருக்கான்ல!"

பாஸ்கோ மெர்வ் பக்கம் திரும்பினார். "எதையும் திருடலைன்னா எதுக்குய்யா திறந்தே?"

மெர்வ் தலையைச் சொறிந்தான். "என் பொண்டாட்டி டார்லீன் ஃப்ரீசரைக் காலி பண்ணச் சொல்லிட்டா. கிறிஸ்துமஸுக்குப் பன்னித்தொடை வாங்கி வைக்கணுமாம். இடம் இல்லையாம்."

பாஸ்கோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லோரலுக்கு விளங்க ஆரம்பித்தது.

"ஞாயித்துக்கிழமை நான் வெளியே எடுத்தது டார்லீன் சுட்டு, டார்லீனே கடிச்ச கேக்கு, இளவரசர் கடிச்சதை நான் திருடி ஒம்பது வருஷம் ஆச்சு" என்றான் மெர்வ்.