திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி

"தப்பு என்னோடதுதாம்மா. எழுதிக் கையெழுத்துப் போட்டு வேணாலும் தர்றேன். டாக்டரம்மாவ மட்டும் கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் விட்டுடாதே!"

கம்ப்யூட்டர்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டது கிடையாது. எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் கரண்ட் மேல் பழி போடுவார், எலி மேல் பழி போடுவார். தன் மேல் மட்டும் ஒரு தூசி விழ விடமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணிடம் தானாகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதிலும் பாதி நிஜம்தான். எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டரில் அன்று காலை புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டது அவர்தான். போட்டு முடித்ததிலிருந்து திரை முழுக்கப் பச்சைக் கோடுகள். எழுத்துகள் ஊதிப்போய்க் கிடந்தன.

திரையில் படம் காட்டுகிற டிரைவர் மென்பொருளுக்கும் புது சிஸ்டத்துக்கும் ஒத்துப்போகவில்லை. வேறு டிரைவரைப் போட்டார். கோடுகள் ஓடிப்போயின, எழுத்தும் அளவுக்கு வந்தது. திரையில் திறந்திருந்த ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில், நுரையீரல் மேல் தெரிந்த வெள்ளைப் புள்ளி மட்டும் அசையவில்லை.

"டாக்டரம்மா இத நோய்னு எழுதிட்டா ஒரு குடும்பமே இடிஞ்சி போயிடும். இது நோயே இல்ல தங்கச்சி, டிரைவர் கோளாறு!"

கேபிளைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினார். பழைய டிரைவர், அதற்கும் பழையது என்று மாற்றி மாற்றிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் திரை இருண்டு விழித்தது. படம் வந்தது, கூடவே புள்ளியும் வந்தது.

வரவேற்பறைத் திரையைக் கழற்றித் தூக்கி வந்து மாட்டினார். சனியன் அங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"படத்தக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கண்ணே," என்றாள் அந்தப் பெண்.

நகர்த்தினார். விலா எலும்புகளோடு சேர்ந்து புள்ளியும் நகர்ந்தது.

அவள் வேறொருவரின் எக்ஸ்ரேயைத் திறந்து காட்டினாள். அது கழுவி வைத்த தட்டுப்போல் பளிச்சென்று இருந்தது.

"அது பழைய சிஸ்டத்துல எடுத்தது. கணக்குல வராது," என்றார். சொன்ன சமாதானம் அவருக்கே தொண்டையில் இறங்கவில்லை. மூழ்குகிறவனுக்கு ஒரு துரும்பு போதும், அவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

"இரு, இந்தச் சிஸ்டத்தையே அழிச்சிட்டுப் பழசப் போட்டுடறேன். எல்லாம் சரியாயிடும்."

பாஸ்வேர்டு திரும்பத் திரும்பத் தப்பாய் விழுந்தது. தன் கையைத் தானே அடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. டாக்டரம்மா உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, அவசரப்படாமல் பார்த்தார்.

"படம் தெளிவா இருக்கே," என்றார் மெல்ல.

"இல்ல மேடம்! நான்தான் டிரைவரத் தப்பாப் போட்டுட்டேன். என்னை வேலைய விட்டே வேணாலும் தூக்குங்க. இத மட்டும் எழுதிடாதீங்க!"

எக்ஸ்ரே எடுக்கும் பெண் கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டர்காரரின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"கம்ப்யூட்டர் நல்லாத்தாண்ணே இருக்கு. அண்ணி இன்னும் எக்ஸ்ரே கவுனோட வெளியில தனியா உக்காந்திருக்காங்க, போங்க."