அடுப்பை ஒட்டிய அறை

"இவன் பிறந்த வீட்டு உரிமைக்கு விலை இருபதாயிரம் ஷில்லிங், அவங்க ஊர்க் காசு. நீ சொல்லு ஜெயமணி, விக்கலாமா, வேண்டாமா?"

தியாகு கேட்டபோது எதிர் சோபாவில் மார்ட்டின் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தான்.

1974. குவைத்தின் மங்காஃபில் தியாகுவின் ஃபிளாட். வெள்ளிக்கிழமை, யாருக்கும் டூட்டி இல்லை. தியாகு விருதுநகர் மண்டியில் வளர்ந்தவர். கம்பெனிக்குச் சாமான் வாங்கிப் போடும் வேலை. மார்ட்டின் அதே கம்பெனியின் ஆஸ்திரியாக்கார ஃபோர்மேன். அவன் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கவனித்துக்கொண்ட நர்ஸ் ஜெயமணி. அதிலிருந்து இருவரும் தியாகு வீட்டுக்குத் தற்செயலாக வந்து சந்தித்துக்கொண்டார்கள், வாராவாரம்.

"அவரே இங்கிலீஷ்ல சொல்லலாமே, அண்ணாச்சி?"

"தப்பாப் புரிஞ்சிடக் கூடாதாம். 'அவங்க பாஷையிலயே சொல்லுங்க, அவங்க சொல்றதுதான் முடிவு'ங்கான். உன்கிட்ட எதுக்குக் கேக்கான்னு விளங்கல. விலை பேசத் தெரிஞ்சவன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!"

"விஷயத்தைச் சொல்லுங்க."

"அவங்க மலையில நிலத்தைப் பங்கு போட மாட்டாங்க. பண்ணை, மாடு, வீடு எல்லாம் ஒரே மகனுக்கு. மத்தவன் அண்ணன்கிட்டயே கூலிக்கு நிக்கணும், இல்ல பொட்டியைத் தூக்கணும்."

"அநியாயமால்ல இருக்கு!"

"நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுது? ஆறு பேருக்குப் பிரிச்சு ஆளுக்கொரு வரப்பு. கேளு. வெளிய போனவனுக்கும் ஒரு உரிமை உண்டாம். அடுப்பை ஒட்டி ஒரு ரூம். என்னைக்குத் திரும்பினாலும் அதுல படுத்துக்கலாம். சீக்குன்னா கஞ்சியும் பாலும் அண்ணன் பொறுப்பு. இப்ப இவனோட அண்ணன்காரன் வீட்டை லாட்ஜ் ஆக்கப் போறான். அந்த ரூம் குறுக்க நிக்குது. இருபதாயிரம் வாங்கிட்டு விட்டுக்கொடுங்கான். நானா இருந்தா நாப்பதுல ஆரம்பிப்பேன்."

"வித்துட்டா?"

"அப்புறம் ஊர்ப் பேச்சு ஏது? இங்கேயே இருந்துடுவான்."

இங்கேயே. அந்தச் சொல்லைக் கீழே வைக்க ஜெயமணிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"போன லீவுக்கு ஊருக்குப் போனேன் அண்ணாச்சி. நான் அனுப்பின காசுல கட்டின வீடுதான். தம்பிங்க ரெண்டு பேரும் நடுவுல சுவர் வெச்சுட்டாங்க. இந்தப் பக்கம் சாப்பிட்டா அந்தப் பக்கம் மூஞ்சியைத் தூக்குறாங்க. பொட்டியை எங்க வைக்கன்னு தெரியாம வாசல்லயே நின்னேன்."

மார்ட்டினுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவள் முகத்திலிருந்து அவன் கண்ணை எடுக்கவும் இல்லை.

"விக்க வேண்டாம்" என்றாள் அவள். "எத்தனை லட்சம் குடுத்தாலும் வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்லு தாயி. ரூம் இருந்தா என்னைக்காவது போயிடுவான்."

"போகட்டும். பொட்டி வைக்க அவருக்காவது ஒரு இடம் இருக்கட்டும்." பிறகு மார்ட்டின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் அவளே நிதானமாகச் சொன்னாள்: "விற்காதீர்கள். உங்கள் அறையை வைத்துக்கொள்ளுங்கள்."

மார்ட்டின் எழுந்தான்.

"நன்றி, சிஸ்டர்."

மாதக்கணக்கில் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

"நல்லதைத்தானே சொன்னேன்? ஏன் அவரு முகம் அப்படிச் செத்துப்போச்சு? நீங்க எல்லாத்தையும் சரியாச் சொன்னீங்களா, அண்ணாச்சி?"

"ஒண்ணே ஒண்ணு விட்டுட்டேன். சரக்குல இருக்கிற சொத்தையை எந்த வியாபாரி முதல்ல காட்டுவான்? அதுவுமில்லாம உனக்கு அது சம்பந்தமில்லாத சங்கதி."

"என்னது?"

"அந்த ரூம் கட்டைப்பிரம்மச்சாரிக்கு மட்டும்தான். மோதிரம் மாத்தினா அன்னைக்கே உரிமை போச்சு."

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. தியாகுவுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. மார்ட்டினுக்கு ஓர் அறை மிச்சம், அவன் அண்ணனுக்கு இருபதாயிரம் மிச்சம். ஜெயமணிக்கு வர வேண்டியது மட்டும் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது.